ஷட்டருக்குக் கீழே ஒரு குரல்

போன் அடித்தது.

விடிந்தும் விடியாமலும் போலீஸ் ஸ்டேஷனில் அடிக்கிற போன் நல்ல சேதி சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

சப் இன்ஸ்பெக்டர் சந்திரகலா எடுத்தாள்.

"மேடம்... எடக்கரணையிலேர்ந்து பேசறோம். ஏரிக் கால்வாயில ஒரு ஆளு கெடக்கறாரு."

"உயிர் இருக்கா?"



"மூஞ்சி செவப்பா ஊதிக்கினு கெடக்குது மேடம். நீங்களே வந்து பாத்துக்கங்க."

ஜீப் கிளம்பியது.

கால்வாய்க் கரையில் ஊரே நின்றுகொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மழைநீர் வடிகால்கள் பலவும் சேர்ந்து வந்து விழுவது இந்தக் கால்வாயில்தான். கால்வாய்த் தண்ணீர் ஏரிக்குப் போகும். ஏரித் தண்ணீர் நெல்லுக்குப் போகும். அதனால் எடக்கரணைக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்.

பருவத்தின் முதல் மழையை ஏரிக்குள் விட மாட்டார்கள்.

வானம் கறுத்ததுமே கால்வாயின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கி, வருகிற தண்ணீரைத் தரிசுப் பக்கம் திருப்பிவிடுவார்கள். கம்பெனித் தரைகளைக் கழுவிக்கொண்டு வரும் அந்த முதல் தண்ணீர் போய்த் தொலைந்து, தெளிந்த தண்ணீர் வந்த பிறகுதான் மூட்டையை எடுப்பார்கள்.

நேற்று சாயங்காலம்தான் இந்த வருஷத்தின் முதல் மழை கொட்டியிருந்தது.

அந்த மூட்டைகளில் சாய்ந்து கிடந்தார் தணிகைவேல். மூன்று ஏக்கர் நெல் விவசாயி. மூட்டை அடுக்கும் பழக்கத்தை ஊரில் ஆரம்பித்து வைத்ததே அவர்தான். நேற்று மதியம் தன் கையால் அவர் அடுக்கிய மூட்டைகளே அவர் உடம்பைத் தடுத்து நிறுத்தியிருந்தன.

வேட்டி, சட்டை, முடி... எல்லாம் செங்கல் நிறம். கண்கள் வெந்து போயிருந்தன.

ஏட்டு ராஜமாணிக்கம் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

"கால் வழுக்கி வுழுந்த கேஸ் மேடம். மழ வந்தா ஒண்ணு ரெண்டு இப்டித்தான்."

சந்திரகலா குனிந்தாள். செத்தவரின் கையைத் திருப்பினாள்.

விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. உள்ளங்கை நெடுக துருவின் தடம். தோல் உரிந்து, கோடு கோடாய்... இரண்டு கையிலும் ஒரே மாதிரி.

"வழுக்கி விழுந்தவர் புல்லைப் புடிப்பாரு ஏட்டையா. இவரு கம்பியைப் புடிச்சிருக்காரு."

"இந்தக் கால்வாயில ஏது மேடம் கம்பி?"

"அதான் எனக்கும் தெரியல."

கூட்டத்திலிருந்து ஒருவர் மெதுவாக முன்னால் வந்தார்.

"மேடம்... நேத்து இருட்டுற நேரத்துல அவரு மச்சான் ஜெகன் இந்தக் கரையோரமா ஓடியாந்தான். முழுக்க நனைஞ்சி, பைத்தியக்காரன் கணக்கா அழுதுகினு. கூப்ட்டா நிக்கல. போன வாரம் டீக்கடையில ரெண்டு பேருக்கும் கைகலப்பு வேற."

"எதுக்குக் கைகலப்பு?"

"ஜெகன் வேல செய்யற கம்பெனி மேல இவரு மனு போட்டுக்கினே இருப்பாரு. 'என் வேல போச்சுன்னா உன்ன சும்மா வுடமாட்டேன்'னு எல்லாரும் கேக்கத்தான் கத்துனான்."

ஜெகனைத் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை.

அவனே ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தான்!

இருபத்தைந்து வயது. 'மைத்ரேயி மெட்டல்ஸ்' என்று முதுகில் எழுதிய மஞ்சள் மழைக்கோட்டை இன்னும் கழற்றவில்லை.

"நான்தான் கொன்னேன். எழுதிக்கோங்க."

"எப்படிக் கொன்ன?"

மழைக்கோட்டின் பொத்தானைத் திருகினான்.

"எங்க வெச்சு?"

தரையைப் பார்த்தான். அதன்பின் அடித்துக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டான் என்று தோன்றியது. சந்திரகலா அடிக்கிற ரகம் இல்லை.

இன்ஸ்பெக்டர் போனில் வந்தார்.

"சந்திரகலா, ஆளே ஒத்துக்கிட்டான். முன்விரோதம் இருக்கு. பார்த்த சாட்சி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ரிமாண்டுக்கு அனுப்பிடுங்க."

"சார், கையில கம்பித் தடம்..."

"கம்பி எண்ணப் போறது அவன்தானே? அனுப்புங்க."

போன் வைக்கப்பட்டது.

மதியம் ஈஸ்வரி வந்தாள். தணிகைவேலின் மனைவி. ஜெகனின் அக்கா. அழுது முடித்துவிட்ட முகம். புருஷனின் உடம்பு பொன்னேரி ஆஸ்பத்திரியில். தம்பி லாக்கப்பில்.

"மேடம், எம் புருசன் போயிட்டாரு. போனது போனதுதான். எனக்குனு இருக்கறது இவன் ஒருத்தன். இவனயும் இட்டுக்கினு பூட்டீங்கன்னா நான் யார் மூஞ்சிய பாத்துக்கினு ஊட்டுல இருக்கறது?"

சந்திரகலா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. நேத்து அவர் எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனாரு?"

"தண்ணி புடிக்கப் போனாரு மேடம்."

"என்ன தண்ணி?"

"மழ வந்தா அந்த மைத்ரேயி கம்பெனிக்காரன் செவப்புத் தண்ணிய தொறந்து வுட்டுடுவான். ஆசிட் தண்ணி. ரெண்டு போகமா எங்க பயிரு கருகிப் போச்சு. இவரு கால்வாயில புடிச்சி மாசு ஆபீசுக்கு எடுத்துனு போவாரு. 'இத்தினி கம்பெனித் தண்ணி கலந்து வருது, யாருதுன்னு எப்டிச் சொல்றது? கம்பெனி வாயிலயே புடிச்சாந்தா நடவடிக்கை எடுக்கலாம்'னு அந்த எஞ்சினீயர் அம்மா சொல்லிச்சாம். நேத்து மேகம் கட்டினதும் பாட்டில எடுத்துக்கினு கெளம்பிட்டாரு. நாஷ்டா துன்ன ஆளு, சோறுகூட துன்னல."

"கம்பெனி வாய்னா?"

"காம்பவுண்டுக்கு அடியில ஒரு சொரங்கம் மாதிரி போவுமாம். அதுக்குள்ள பூந்தாதான் புடிக்க முடியும்னாரு. வேணாம்னு சொன்னேன் மேடம். கேக்கல."

சுரங்கம்!

சந்திரகலா எழுந்தாள்.

'மைத்ரேயி மெட்டல்ஸ்' கேட்டில் பெரிய போர்டு. 'மழைநீர் வடிகாலில் கழிவு கலப்பது குற்றம்.' புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

உள்ளே இரும்புக் கம்பங்களை ஆசிட்டில் முக்கித் துருவெடுத்து, துத்தநாகம் பூசுகிற வேலை. மூக்கு எரிந்தது.

மேனேஜர் வைகுந்த் கைகூப்பி வரவேற்றார். நாற்பது வயது. நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம். இடுப்பில் கனமான சாவிக்கொத்து.

"கேள்விப்பட்டேன் மேடம். மனசே சரியில்லை. எங்க மேல எத்தனை மனு போட்டிருந்தாலும் மனுஷர் நல்லவர்."

"உங்க மழைத்தண்ணி ஷட்டரைப் பார்க்கணும்."

"தாராளமா."

யார்டின் கோடியில், சுவரோரமாக ஒரு சிமென்ட் மேடை. மேடை மேல் ஷட்டரை ஏற்றி இறக்கும் இரும்புச் சக்கரம். சக்கரத்தில் சங்கிலி, பூட்டு. பக்கத்தில் மூடி போட்ட பெரிய தொட்டி.

வைகுந்த் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"மழை ஆரம்பிச்சா ஷட்டர் மூடித்தான் இருக்கணும். யார்டைக் கழுவிண்டு வர்ற முதல் தண்ணி பூரா இந்தத் தொட்டிக்குப் போயிடும். அதைச் சுத்தம் பண்ணாம ஒரு சொட்டு வெளியே விடப்படாது. அப்புறம் வர்ற நல்ல மழைத்தண்ணிதான் வடிகாலுக்கு. ரூல் அது. எங்க கம்பெனியில ரூல்னா ரூல்."

"நேத்து ஷட்டரைத் திறக்கவே இல்ல?"

"சான்ஸே இல்லை."

"அப்ப அந்தச் சிவப்புத் தண்ணி?"

"இந்தத் தெருவுல எத்தனை கம்பெனி இருக்கு மேடம்... யாரைன்னு சொல்றது?"

"நேத்து சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?"

"அஞ்சு மணிக்கே கிளம்பிட்டேன். அமாவாசை. திருவள்ளூர்ல வீரராகவப் பெருமாளைச் சேவிக்காம இருந்ததில்லை. எங்க சித்தப்பா அங்கதான் கைங்கர்யம் பண்றார்."

"கேமரா பதிவு வேணுமே."

"மழை வந்தா கேமரா படுத்துடும். இருந்தாலும் பார்த்துட்டு வரேன்."

அவர் ஆபீஸ் பக்கம் போனதும், சந்திரகலா ஏட்டைப் பார்த்தாள்.

"வெளிய போய் அந்தச் சுரங்கத்துக்குள்ள போங்க ஏட்டையா."

"நானா? மேடம், என் தொப்பய பாத்துட்டுமா சொல்றீங்க?"

போனார்.

சந்திரகலா சக்கரத்தருகே நின்று காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் காலடியிலிருந்து ஒரு குரல்.

"...ரிட்டயர் ஆவுற வயசுல எலி கணக்கா வளையில பூர வெக்குது இந்தப் பொம்பள..."

பக்கத்தில் நின்று பேசுவது போல அத்தனை தெளிவு!

"கேக்குது ஏட்டையா," என்றாள்.



அவளும் சுவர் தாண்டிப் போய்ப் பார்த்தாள். இடுப்புயரச் சிமென்ட் சுரங்கம். தவழ்ந்துதான் போக முடியும். ஷட்டருக்கு அடியில் தொடங்கி, ரோட்டோர வடிகாலில் முடிகிறது. முடிகிற இடத்தில் ஒரு கம்பிக் கதவு. கதவில் கொண்டி. கொண்டியில் புதுப் பூட்டு திறந்தபடி தொங்கியது.

கம்பிகளில் துரு. கம்பிகளின் உள்பக்கம், கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு மனித நகம் ஒட்டியிருந்தது.

சந்திரகலாவுக்குப் புரிந்தது. தணிகைவேல் கால்வாயில் சாகவில்லை. பூட்டிய கதவுக்கு உள்ளே, கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே செத்திருக்கிறார்.

"யோவ்..." என்றார் ராஜமாணிக்கம். அதற்குமேல் அவருக்கே வாய் வரவில்லை.

லாக்கப்பில் ஜெகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள் சந்திரகலா. ஈஸ்வரியும் இருந்தாள்.

"ஜெகன், கம்பிக் கதவைப் பாத்துட்டு வந்துட்டேன்."

அவன் உடம்பு தூக்கிப் போட்டது.

"பூட்டினது யாரு?"

"நான்தான்." முகத்தை மூடிக்கொண்டான். "பூட்டினதும் நான்தான். தொறந்ததும் நான்தான் மேடம்."

"உள்ள மாமா இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம். எங்கம்மா சத்தியமா தெரியாது. அந்தக் கதவு எப்பயும் கொண்டி மட்டுந்தான் போட்டுருக்கும். நேத்து மேனேஜர் போன் பண்ணி, 'மழை வரது, கம்பிக் கதவை உடனே பூட்டிட்டு வா'ன்னாரு. ஆபீஸ் வாசல்ல வெச்சிருந்த புதுப் பூட்ட எடுத்துக்கச் சொன்னாரு. உள்ள இருட்டு. நான் குனிஞ்சிகூட பாக்கல. பூட்டிட்டு வந்துட்டேன்."

"அப்புறம்?"

"என்ன ஷெட்டுக்குள்ள வேலைக்கு அனுப்பிட்டாரு. மழ நல்லா ஊத்தி ஒரு மணி நேரம் ஆனப்புறம், 'போய்த் தொற'ன்னாரு. குப்ப அடைச்சி தண்ணி முட்டிக்கினு நின்னுச்சி. தொறந்தேன்..."

நிறுத்தினான்.

"தொறந்ததும் மாமா வெளிய வந்தாரு மேடம். என் காலுமேல இட்ச்சிக்கினு வந்தாரு. புடிக்கப் போனேன். வெள்ளம் இஸ்துகினு பூட்ச்சி. கரையோட ஓடினேன்... இருட்டிடிச்சி..."

ஈஸ்வரி அசையாமல் நின்றாள். தம்பியைப் பார்த்தபடியே நின்றாள்.

"அவரு கூப்ட்டாராடா?"

"மழ சத்தம்க்கா. ஷெட்டுக்குள்ள ஒண்ணுமே கேக்கல."

கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் தலையில் போய் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. அவள் குலுங்கினாள்.

சந்திரகலா வெளியே வந்தாள். ராஜமாணிக்கம் பின்னாலேயே வந்தார்.

"உள்ள ஆளு போனத மேனேஜர் கேமராவுல பாத்துருக்கான் மேடம். பாத்துட்டுத்தான் பூட்டச் சொல்லிருக்கான்."

"கேமரா பதிவு இல்லன்னு அந்த ஆளு கையை விரிச்சாச்சு. போன்ல பேசினது ஒரு நிமிஷம். அதுல என்ன பேசினாங்கன்னு கொலையை ஒத்துக்கிட்டவன்தான் சாட்சி. எந்தக் கோர்ட் நம்பும்?"

"அப்ப இவன அனுப்பிடறதா?"

"ஷட்டரைத் திறந்தேன்னு அந்த ஆளே சொல்லணும் ஏட்டையா. அவர் வாயாலயே."

"எவனாச்சும் சொல்லுவானா மேடம்?"

"சொல்லுவாரு. தொழிற்பேட்டைக் கம்பெனிக்காரங்களுக்கு அது ஒரு குத்தமே இல்ல. சிவப்பு சிக்னல் தாண்டின மாதிரி. அபராதம் கட்டிட்டுப் போயிடுவாங்க."

போன் எடுத்தாள். முதலில் திருவள்ளூருக்கு. அடுத்ததாக மாசுத் தடுப்பு எஞ்சினீயர் ஸ்ரீவாணிக்கு.

நாலு மணிக்கு வைகுந்த் ஸ்டேஷனுக்கு வந்தார். தெளிவாக இருந்தார். ஸ்ரீவாணி மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் லேசாகப் புருவம் உயர்த்தினார்.

"உக்காருங்க சார். ஜெகன் ஒத்துக்கிட்டான்."

"அடடா... நல்ல பையன்னு நினைச்சேன்."

"ஏரிக் கரையில வெச்சு மாமனைத் தண்ணில அமுக்கிட்டானாம். மழை வந்தப்புறம், இருட்டறதுக்குள்ள."

பொய்! சந்திரகலா கண் இமைக்காமல் சொன்னாள்.

வைகுந்தின் தோள்கள் தளர்ந்தன. நிம்மதி அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஆனா ஒரு சிக்கல் சார். தனியா செய்யலங்கிறான். கூட ஒருத்தர் இருந்தாராம். உங்க கம்பெனி மஞ்சள் கோட்டு போட்டவர். பேரைச் சொல்ல மாட்டேங்கிறான்."

"யாரா இருந்தா என்ன... நான்தான் திருவள்ளூர் போயிட்டேனே."

ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார்.

"உங்க சித்தப்பாகிட்ட மேடம் பேசினாங்க சார். தங்கமான மனுஷன். நீங்க நட சாத்தற நேரத்துக்குத்தான் வந்தீங்களாம். தீர்த்தம்கூட வாங்கல, மூச்சு வாங்கினு நின்னீங்களாம்."

வைகுந்தின் முகம் மாறியது.

"அந்த ரெண்டு மணி நேரம் எங்க இருந்தீங்க சார்?" சந்திரகலா முன்னால் சாய்ந்தாள். "செத்தவருக்கும் உங்களுக்கும் பகை. பொய் சொல்லியிருக்கீங்க. சாயங்காலம் ரிமாண்ட். அதுல ஒரு பேரா, ரெண்டு பேரான்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

"மேடம், என்ன பேசறேள்? கொலையா? நானா?"

"அப்ப எங்க இருந்தீங்கன்னு சொல்லுங்க."

மின்விசிறி கிறீச்சிட்டது. வைகுந்த் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். கணக்குப் போடுவது கண்ணில் ஓடியது. ஒரு பக்கம் கொலை. இன்னொரு பக்கம் அபராதம்.

"சரி. உண்மையைச் சொல்லிடறேன். கம்பெனியிலதான் இருந்தேன்."

"கம்பெனியில எங்க?"

ஸ்ரீவாணியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஷட்டர்கிட்ட. திறந்துவிட்டேன். தொட்டி ரொம்பிடுத்து, ஆசிட் தண்ணி தேங்கிடுத்து, என்ன பண்றது? மழையில எல்லாரும் பண்றதுதான். தப்புதான். அபராதம் கட்டிடறேன்."

"நம்ப முடியலையே சார். வேற ஆளை விட்டுத் திறக்கச் சொல்லிட்டு நீங்க கரைக்கு வந்திருக்கலாமே?"

"முடியாது மேடம். அந்தப் பூட்டு சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு." சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினார். "வேற யாருக்கும் தரமாட்டேன்."

"திறந்துட்டு வந்திருக்கலாம்."

"நகரவே இல்லை. மழை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு மணி நேரம் சக்கரத்துல கையை வெச்சுண்டு அங்கயேதான் நின்னேன். மூடிட்டுத்தான் கிளம்பினேன். பெருமாள் சத்தியம்."

"இதை அப்படியே ஸ்ரீவாணி மேடத்துகிட்ட எழுதிக் கொடுப்பீங்களா?"

"இப்பவே."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். ஸ்ரீவாணி வாங்கிப் படித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கம்பெனி வாயிலேயே பிடித்து வாருங்கள் என்று தணிகைவேலிடம் சொன்னவள் அவள்தான்.

"போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்ல நிக்காதுன்னு சொல்வாங்க மேடம்," என்றாள் மெதுவாக. "என்கிட்ட குடுத்தது நிக்கும்."

"புரியலையே," என்றார் வைகுந்த். "நான் கரையில இல்லைன்னு ஆயிடுத்தோல்லியோ? கிளம்பலாமா?"

"கரையில யாருமே இல்ல சார்," என்றாள் சந்திரகலா. "தணிகைவேல் கரையில சாகல. உங்க ஷட்டருக்குக் கீழ, பூட்டின கம்பிக் கதவுக்கு உள்ள செத்தாரு. அவரு நகம் இன்னும் அந்தக் கம்பியில இருக்கு."

வைகுந்த் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். ஏட்டு அவரை மறுபடி உட்கார வைத்தார்.

"பூட்டச் சொன்னது நீங்கன்னு ஜெகன் சொல்றான். அதை நீங்க மறுக்கலாம். தண்ணியைத் திறந்தது யாருன்னு எங்களுக்குத் தெரியாம இருந்துச்சு. இப்ப நீங்களே எழுதிட்டீங்க."

"உள்ள... உள்ள ஆள் இருந்தது எனக்கெப்படித் தெரியும்? மழை... இருட்டு..."

"மதியம் நம்ம ஏட்டையா அந்தச் சுரங்கத்துல பூந்து என்னைத் திட்டினாரு சார். சக்கரத்துகிட்ட நின்னுட்டிருந்த எனக்கு ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு. தணிகைவேல் திட்டியிருக்க மாட்டாரு. கத்தியிருப்பாரு. தொறக்காதீங்கன்னு கெஞ்சியிருப்பாரு. முதல்ல காலடியில, அப்புறம் கதவுகிட்ட." ஸ்ரீவாணியின் பையைக் காட்டினாள். "ஒரு மணி நேரம் நகரவே இல்லைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

வாசலில் ஈஸ்வரி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே வந்தாள். வைகுந்தின் எதிரே நின்றாள்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "கடைசியா எம் புருசன் இன்னா சொன்னாரு? உனக்கு மட்டுந்தான் தெரியும். சொல்லு."

வைகுந்த் தலையைக் குனிந்துகொண்டார். கடைசிவரை நிமிரவில்லை.

இன்ஸ்பெக்டருக்குப் போன் போனது. ரிமாண்டுக்குப் போகிற பெயர் மாறியது. ஜெகனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள் அக்கா. புருஷனின் உடம்பை வாங்க இருவருமாய்ப் பொன்னேரிக்குப் போக வேண்டியிருந்தது.

மறுபடியும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜீப்பின் பின்சீட்டில் வைகுந்தை ஏற்றி உட்கார வைத்த ராஜமாணிக்கம், அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை நிதானமாகக் கழற்றி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"புழல் ஜெயில்லயும் மழ நல்லா பெய்யும் சார். இன்னா ஒண்ணு... அங்க கம்பிக் கதவுக்குச் சாவி உங்ககிட்ட இருக்காது."